பல பேர் எழுதியதை ஒரே ஆவணமாகச் சேர்த்ததும் பக்க அமைப்பு குலைகிறது: எங்கிருந்து சரிசெய்வது?

இளவேனில்:

வணக்கம் நண்பர்களே. எங்கள் குழுவில் பலர் தனித்தனியாக எழுதிய கட்டுரைகளை ஒரே ஆவணமாகச் சேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் வேர்டில் செய்கிறேன். எல்லாவற்றையும் ஒட்டி முடித்ததும் நூற்றைம்பது பக்கத்தைத் தாண்டிவிட்டது. எழுத்தில் குறை ஒன்றும் இல்லை. பக்க அமைப்புதான் கைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

முதல் கட்டுரையில் ஒரு வரி சேர்த்தால், எங்கோ பின்னால் இருக்கும் ஒரு தலைப்பு பக்கத்தின் அடியில் போய்த் தனியாக நிற்கிறது, அதற்குரிய பத்தி அடுத்த பக்கத்தில் இருக்கிறது. ஒரு படத்தைச் சற்று நகர்த்தினால் பக்கத்திலிருந்த எழுத்தெல்லாம் இடம் மாறுகிறது. ஒரே கட்டுரைக்குள் எழுத்தின் அளவு இரண்டு மூன்று விதமாக இருக்கிறது. என் கணினியில் ஒழுங்காக இருக்கும் பக்கங்கள் வேறொருவர் திறந்தால் தள்ளிப் போயிருக்கின்றன. பொருளடக்கம் கையால் புள்ளி புள்ளியாக அடித்தது. இதற்கு மேல், முன்னுரைக்கு ரோமன் எண், கட்டுரைகளுக்கு 1 முதல் எண் வேண்டும் என்று கேட்கிறார்கள்.

ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. எந்த வரிசையில் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மெய்ப்புநோக்கி:

வணக்கம் இளவேனில். கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு எதையும் தொடாமல் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+8 அழுத்துங்கள். ஹோம் பட்டையில் ¶ என்று இருக்கும் பொத்தானும் இதே வேலையைச் செய்யும். திரை முழுக்கக் குறிகள் வந்து நிற்கும். ¶ வரும் இடமெல்லாம் என்டர் அடித்த இடம். நடுவில் மிதக்கும் புள்ளி, இடைவெளி. வலப்பக்கம் பார்க்கும் அம்பு, டேப். பலர் இதைப் பார்த்ததும் கண்ணுக்கு இடைஞ்சல் என்று அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். இந்த வேலை முடியும்வரை அது எரிந்துகொண்டே இருக்கட்டும்.

உங்கள் கோப்பில் நான் எதிர்பார்ப்பது இதுதான்: தலைப்புக்கு மேலே வெறும் ¶ வரிசையாக ஏழோ எட்டோ நிற்கும். யாரோ தலைப்பைப் புதிய பக்கத்தில் தொடங்குவதற்காக என்டரை அடித்துக்கொண்டே போயிருப்பார். அவர் கணினியில் அன்றைக்கு அது சரியாக இருந்திருக்கும். முன்னால் ஒரு வரி கூடினால் எல்லாமே ஒரு வரி கீழே இறங்கும். நீங்கள் சொல்லும் முதல் நோய்க்குக் காரணம் அனேகமாக இதுவே.

புதிய பக்கம் வேண்டுமானால் கண்ட்ரோல்+என்டர் போதும், அதுவே பக்க முறிவு. அதைவிட நல்லது, தலைப்புப் பத்தியின் அமைப்பிலேயே சொல்லிவிடுவது. பாராகிராஃப் பெட்டியைத் திறந்து 'லைன் அண்ட் பேஜ் பிரேக்ஸ்' பகுதிக்குப் போனால் 'பேஜ் பிரேக் பிஃபோர்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்த தலைப்பு முன்னால் எத்தனை வரி கூடினாலும் குறைந்தாலும் புதிய பக்கத்தில்தான் தொடங்கும். அதே பெட்டியில் 'கீப் வித் நெக்ஸ்ட்' இருக்கிறது. உட்தலைப்புகளுக்கு அதைப் போட்டுவிட்டால் தலைப்பு அடுத்த பத்தியை விட்டுப் பிரிந்து அடியில் தனியாக நிற்காது.

பத்திகளுக்கு நடுவே இடம் விடுவதற்கும் வெற்று ¶ வேண்டாம். அதே பாராகிராஃப் பெட்டியில் 'ஸ்பேசிங்' என்ற இடத்தில் பிஃபோர், ஆஃப்டர் என்று இரண்டு உண்டு. ஆஃப்டரில் 6 அல்லது 8 பாயின்ட் கொடுங்கள். ஒரு முழு வரி இடைவெளியைவிட இது கண்ணுக்கும் நன்றாக இருக்கும்.

ஏற்கெனவே இருக்கும் வெற்றுப் பத்திகளை நீக்க கண்ட்ரோல்+எச். தேடும் பெட்டியில் ^ குறியும் அதை ஒட்டிச் சின்ன பி எழுத்தும், இதையே இரண்டு முறை அடுத்தடுத்து. மாற்றும் பெட்டியில் ஒரே ஒரு முறை. 'ரீப்ளேஸ் ஆல்' அழுத்துங்கள். மூன்று நான்கு ¶ சேர்ந்திருந்த இடங்கள் ஒரே தடவையில் தீராது, அதனால் எண்ணிக்கை குறையாமல் நிற்கும்வரை திரும்ப அழுத்துங்கள். கவிதை இருக்கும் பக்கங்களை மட்டும் முதலில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அங்கே வெற்று வரி என்பது எழுதியவர் வேண்டுமென்றே விட்டது.

இளவேனில்:

மிக்க நன்றி ஐயா. ¶ போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே தலைப்புக்கு மேலே வரிசையாக நிற்கின்றன. ஆனால் ஒரு கட்டுரையில் மட்டும் ¶ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இடப்பக்கம் மடங்கிய அம்பு மாதிரி ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுரையில் சில வரிகளில் சொற்களுக்கு நடுவே பெரிய பெரிய இடைவெளிகள்.

மெய்ப்புநோக்கி:

அது ஷிஃப்ட்+என்டர். பத்தியை முடிக்காமல் வரியை மட்டும் உடைப்பது. இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டினாலும் இப்படி வரும். வேர்ட் கணக்கில் அந்தக் கட்டுரை முழுவதும் ஒரே பத்தி. இருபுறமும் சீராக்கும் ஜஸ்டிஃபை போட்டிருந்தால், உடைத்த குட்டி வரியையும் ஓரம்வரை இழுத்து நிரப்பப் பார்க்கும். அந்த இடைவெளிகள் அப்படி வந்தவை.

தேடும் பெட்டியில் ^ குறியோடு சின்ன எல் எழுத்துப் போட்டால் இந்த அம்புகள் அகப்படும். உண்மையிலேயே பத்தி முடிகிற இடம் எது, சும்மா உடைந்த வரி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னதைப் பத்திக் குறியாகவும் பின்னதை ஒரு இடைவெளியாகவும் மாற்ற வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 'ரீப்ளேஸ் ஆல்' கொடுக்கும் இடம் அல்ல இது.

சுவடி:

மெய்ப்புநோக்கி சொன்னது எல்லாம் சரி. ஆனால் நூற்றைம்பது பக்கத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் போய் 'கீப் வித் நெக்ஸ்ட்' டிக் செய்வது நடக்கிற காரியமா? ஸ்டைல் என்ற வசதி, அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாவற்றையும் ஒரே பெயரில் சேர்த்து வைப்பது, இருப்பதே இதற்காகத்தான். பத்து வருடம் வேர்ட் பயன்படுத்துகிறவர்கள்கூட அந்தப் பக்கம் போகாமல், எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் வைத்து, 'தலைப்பு' என்று விட்டுவிடுகிறார்கள். பார்ப்பதற்குத் தலைப்புதான். ஆனால் வேர்டுக்கு அது சாதாரணப் பத்தி. அதனால்தான் பொருளடக்கத்தைக் கையால் அடிக்க வேண்டி வருகிறது.

இப்படிச் செய்யுங்கள். அந்தப் போலித் தலைப்பு ஒன்றில் கர்சரை வையுங்கள். ஹோம் பட்டையின் வலப்பக்கத்தில் 'செலக்ட்' என்று இருக்கும். அதில் 'செலக்ட் டெக்ஸ்ட் வித் சிமிலர் ஃபார்மேட்டிங்' என்பதை அழுத்தினால் அதே உருவத்தில் இருக்கும் எல்லாத் தலைப்புகளும் ஒன்றாகத் தேர்வாகும். அப்படியே கண்ட்ரோல்+ஆல்ட்+1. எல்லாம் 'ஹெடிங் 1' ஆகிவிடும். உட்தலைப்புக்கு 2, அதற்கும் உள்ளே 3. பிறகு ஹெடிங் 1 மேல் வலது சொடுக்கு, 'மாடிஃபை'. எழுத்துரு, அளவு, நடுவில் நிற்பது, மேலே கீழே எவ்வளவு இடம், 'பேஜ் பிரேக் பிஃபோர்' எல்லாவற்றையும் அங்கே ஒரே ஒரு முறை சொல்லுங்கள். ஆவணம் முழுக்க மாறும். வழக்கமான ஹெடிங் ஸ்டைல்களில் 'கீப் வித் நெக்ஸ்ட்' முதலிலிருந்தே போட்டிருக்கும், நீங்கள் தேட வேண்டியதில்லை.

அந்த 'மாடிஃபை' பெட்டியின் அடியில் 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிக் இருந்தால், யாராவது ஒரு பத்தியை மட்டும் தடிமனாக்கும்போது அதே ஸ்டைலில் இருக்கும் அத்தனை பத்தியும் தடிமனாகிவிடும். பலர் கைபடும் கோப்பில் இது பெரிய தொல்லை.

இளவேனில்:

தலைப்புகளை மாற்றிவிட்டேன். இடப்பக்கம் நேவிகேஷன் பட்டையில் எல்லாத் தலைப்பும் வரிசையாகத் தெரிகிறது, ஒன்றைப் பிடித்து இழுத்தால் கட்டுரையே இடம் மாறுகிறது. இவ்வளவு நாள் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன்!

ஆனால் உடல் பத்திகள் இன்னும் கலவையாகவே இருக்கின்றன. எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+ஸ்பேஸ் கொடுத்தால் சீராகிவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்து பார்த்தேன், சீரானது. ஆனால் கட்டுரையாளர்கள் தடித்த எழுத்தில் காட்டியிருந்த கலைச்சொற்களும் சாதாரணமாகிவிட்டன. கண்ட்ரோல்+இசட் போட்டு மீட்டுவிட்டேன்.

சுவடி:

மீட்டது நல்லது. கண்ட்ரோல்+ஸ்பேஸ் எழுத்தின் மேல் கையால் போட்டதையெல்லாம் கழற்றும், கண்ட்ரோல்+கியூ பத்தியின் மேல் போட்டதைக் கழற்றும். இரண்டும் வேண்டியது எது வேண்டாதது எது என்று பார்க்காது. அதனால் கழற்றுவதற்கு முன்னால் தடித்த சொற்களுக்கு ஒரு அடையாளம் போட்டுவிட வேண்டும்.

கண்ட்ரோல்+எச். தேடும் பெட்டியில் எதையும் அடிக்காமல், கர்சரை அங்கே வைத்து கண்ட்ரோல்+பி மட்டும் அழுத்துங்கள். பெட்டிக்குக் கீழே 'போல்ட்' என்று எழுதிக்காட்டும். மாற்றும் பெட்டியில் ##^&## என்று அடியுங்கள். ^& என்றால் 'கிடைத்தது எதுவோ அதுவே'. 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் தடித்த சொல் ஒவ்வொன்றும் இரண்டு பக்கமும் ## சூழ்ந்து நிற்கும். தலைப்புகளிலும் இந்தக் குறி விழலாம். நேவிகேஷன் பட்டையில் உடனே தெரியும், அங்கே போய் நீக்கிவிடலாம்.

இப்போது தயங்காமல் எழுத்து அமைப்பைக் கழற்றுங்கள். எல்லாம் சீரான பிறகு மறுபடி கண்ட்ரோல்+எச். தேடும் பெட்டியில் பழைய போல்ட் நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும். 'நோ ஃபார்மேட்டிங்' பொத்தானால் அதை எடுத்துவிடுங்கள். 'யூஸ் வைல்ட்கார்ட்ஸ்' கட்டத்தில் டிக். தேடுவது ##(*)## , மாற்றுவது \1 , மாற்றும் பெட்டியில் கர்சர் இருக்கும்போது கண்ட்ரோல்+பி. குறிகள் மறைந்து, நடுவில் இருந்த சொல் மட்டும் தடித்த எழுத்தாகத் திரும்பி வரும். ஒன்றிரண்டை 'ஃபைண்ட் நெக்ஸ்ட்' போட்டுப் பார்த்துவிட்டு மொத்தமாகக் கொடுங்கள். எங்காவது ஒரு ஜோடி உடைந்திருந்தால் அந்த இடத்திலிருந்து அடுத்த ## வரை எல்லாமே தடித்துவிடும்.

இனி வரும் கட்டுரைகளை ஒட்டும்போது சும்மா கண்ட்ரோல்+வி போடாதீர்கள். ஒட்டியதும் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள். வெளியிலிருந்து வரும் ஸ்டைல்கள் உள்ளே நுழையாது. ஆனால் அடையாளக் குறி போடும் வேலையை மூலக் கோப்பிலேயே முடித்துவிட்டு ஒட்ட வேண்டும்.

நெடுங்கணக்கு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தமிழ்க் கோப்பு என்பதால் சில விஷயங்களை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் சுவடி சொன்ன ஸ்டைல் வேலையைச் செய்துவிட்டு, 'எழுத்துரு மாறவே இல்லையே' என்று திகைத்து நிற்பீர்கள்.

வேர்ட் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் இரண்டு எழுத்துருக்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒன்று ஆங்கிலம் போன்றவற்றுக்கு, இன்னொன்று 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற வகைக்கு. தமிழ் இரண்டாவதில் வருகிறது. அளவும் அப்படியே, தனித்தனி. ஸ்டைலின் மாடிஃபை பெட்டியில் ஃபார்மேட், ஃபான்ட் என்று உள்ளே போனால் இரண்டும் தனியாகத் தெரியும். ஒன்றில் 12, மற்றதில் 11 என்று இருந்தால் ஒரே வரியில் தமிழும் எண்ணும் வெவ்வேறு அளவில் வரும். 'ஒரே கட்டுரைக்குள் அளவு இரண்டு மூன்று விதம்' என்று நீங்கள் சொன்னதில் பாதி இதனால் இருக்கலாம். அந்த 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியே தெரியவில்லை என்றால் ஆஃபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கணினிக்குக் கணினி பக்கம் தள்ளிப் போவது. விண்டோஸில் நிர்மலா யூஐ இருக்கும், பழைய விண்டோஸில் லதா. மேக்கில் தமிழ் சங்கம், இணைமதி இருக்கும். லினக்ஸில் பெரும்பாலும் லோஹித் அல்லது நோட்டோ. நீங்கள் போட்ட எழுத்துரு அங்கே இல்லையென்றால் வேறொன்றை வைத்துக் காட்டும், அதன் அகலமும் உயரமும் வேறு. தமிழ் எழுத்துருக்களில் இந்த வேறுபாடு மிக அதிகம். ஒரே 12 பாயின்ட்டில் ஒன்று பெருத்தும் இன்னொன்று சிறுத்தும் நிற்கும். நோட்டோ செரிஃப் தமிழ் மாதிரி எல்லோரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றை முடிவு செய்து எல்லோரையும் நிறுவச் சொல்லுங்கள். விண்டோஸ் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கும் வசதியும் உண்டு.

காகித அளவையும் பாருங்கள். ஒருவர் கோப்பு ஏ4, அதாவது 210×297 மில்லிமீட்டர். இன்னொருவருடையது லெட்டர், கிட்டத்தட்ட 216×279. உயரத்தில் 18 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. ஒட்டும்போது செக்ஷன் பிரேக்கும் (ஆவணத்தைத் தனித்தனிப் பக்க அமைப்புள்ள பகுதிகளாகப் பிரிக்கும் குறி) கூடவே வந்திருந்தால் ஒரே ஆவணத்தில் இரண்டு அளவும் கலந்திருக்கும்.

யாராவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் அதை யூனிகோடுக்கு மாற்றுங்கள். அந்த எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். சுவடியின் ## வித்தை அங்கே குழப்பம் செய்யும். மாற்றியில் முழுக் கோப்பையும் கொட்டினால் நடுவே இருக்கும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகி உளறும், அதனால் அந்தச் சொற்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இளவேனில்:

இரண்டு கட்டுரைகள் லெட்டர் அளவில்தான் இருந்தன! இப்போது எல்லாவற்றையும் ஏ4 ஆக்கிவிட்டேன்.

புதிதாக ஒரு சிக்கல். வரி இடைவெளியைச் சீராக்கலாம் என்று நார்மல் ஸ்டைலில் 'எக்ஸாக்ட்லி 14 பாயின்ட்' கொடுத்தேன். படங்களெல்லாம் மெல்லிய கீற்று மாதிரி ஆகிவிட்டன. படம் போய்விட்டதா?

நெடுங்கணக்கு:

போகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது. 'எக்ஸாக்ட்லி' என்றால் அந்த வரியின் உயரம் 14 பாயின்ட்தான், உள்ளே எது இருந்தாலும். எழுத்தோடு வரிசையில் நிற்கும் படத்துக்கும் அதே 14 பாயின்ட் ஜன்னல்தான், மீதி மறைந்திருக்கிறது. படம் இருக்கும் பத்திக்கு 'சிங்கிள்' கொடுத்தால் உடனே முழுதாகத் தெரியும்.

தமிழுக்கு 'எக்ஸாக்ட்லி' எப்போதுமே ஆபத்து. கி, கீ என்று மேலே சுழிக்கும் எழுத்துகளும் கூ, ழு, ணூ என்று கீழே இறங்கும் எழுத்துகளும் நமக்கு அதிகம். இறுக்கமாகக் கொடுத்தால் சுழியின் தலை வெட்டுப்படும். திரையில் தெரியாமல் அச்சில் தெரிகிற நேரமும் உண்டு. 'மல்டிபிள்' தேர்ந்தெடுத்து 1.15 அல்லது 1.2 கொடுங்கள். எழுத்துருவுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்து, ஒரு பக்கத்தை அச்செடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தாளாளன்:

படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் ஓடுவதற்குக் காரணம் 'ரேப் டெக்ஸ்ட்'. எழுத்து படத்தைச் சுற்றி ஓடும்படி வைத்தால், படம் ஏதோ ஒரு பத்தியில் நங்கூரம் போட்டு நிற்கும். அந்தப் பத்தி நகர்ந்தால் படமும் நகரும். படத்தைச் சொடுக்கினால் பத்தியின் ஓரத்தில் நங்கூரக் குறியைப் பார்க்கலாம். இரண்டு பக்கச் சிற்றிதழுக்கு இது அழகு. நீண்ட ஆவணத்துக்கு வேண்டாம். 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' தேர்ந்தெடுத்து, படத்துக்கென்று தனிப் பத்தி, நடுவில் நிறுத்தி, அந்தப் பத்திக்குக் 'கீப் வித் நெக்ஸ்ட்' கொடுங்கள். கீழே இருக்கும் விளக்கம் படத்தை விட்டுப் பிரியாது. இதற்கும் 'படம்' என்று ஒரு ஸ்டைல் உருவாக்கிவிட்டால் முடிந்தது.

அட்டவணை என்றால் விளக்கம் மேலே, ஆகவே 'கீப் வித் நெக்ஸ்ட்' விளக்கத்துக்கு. இரண்டு பக்கத்துக்கு நீளும் அட்டவணையில் முதல் வரிசையைத் தேர்ந்தெடுத்து லேஅவுட்டில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' அழுத்துங்கள். ஒரு வரிசை பாதி இங்கே பாதி அங்கே என்று உடையாமல் இருக்க, டேபிள் ப்ராபர்ட்டீஸில் 'ரோ' பகுதியில் 'அலவ் ரோ டு பிரேக் அக்ராஸ் பேஜஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. உடல் பத்திகளை ஜஸ்டிஃபை செய்யுங்கள். இரண்டு ஓரமும் நேராக இல்லாத பக்கம் புத்தகம் மாதிரி இருக்காது.

நெடுங்கணக்கு:

கடைசி வரியில் மட்டும் நான் உடன்படவில்லை தாளாளன். நம் சொற்கள் நீளம். 'கொண்டிருந்தவர்களுக்காகவும்' மாதிரி ஒன்று வரியின் கடைசியில் இடம் இல்லாமல் அடுத்த வரிக்குப் போனால், மிச்சம் இருக்கும் நான்கு சொற்களுக்கு நடுவே வேர்ட் அந்த வெற்றிடம் முழுவதையும் பங்குபோட்டு நிரப்பும். அச்சகத்தில் சொல்லை வரியிறுதியில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். வேர்ட் தானாகத் தமிழை அப்படி உடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த பக்கத்திலும் அட்டவணைக் கட்டத்துக்குள்ளும் ஜஸ்டிஃபை போட்டால் பக்கத்தில் வெள்ளை ஓட்டைகள்தான் மிஞ்சும். அங்கெல்லாம் இடப்பக்கம் மட்டும் சீராக விட்டுவிடுவது படிக்கிறவருக்கு நல்லது.

தாளாளன்:

குறுகிய நெடுவரிசையிலும் அட்டவணையிலும் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஏ4 முழு அகலத்தில் 11 பாயின்ட் எழுத்து என்றால் ஒரு வரிக்கு அதைவிட அதிகச் சொற்கள் வரும், இடைவெளி பரவிவிடும். மோசமாக விரிந்த வரிகளை மட்டும் தேடி, நீளமான சொல்லின் நடுவே பொருத்தமான இடத்தில் கண்ட்ரோல்+ஹைஃபன் அழுத்தினால் போதும். அந்த இடம் வரியிறுதியில் வந்தால் மட்டும் சிறு கோட்டோடு உடையும், இல்லாவிட்டால் அச்சில் தெரியாது. இந்த வேலையை எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு கடைசியாகச் செய்ய வேண்டும். ஒரு மாதிரிப் பக்கத்தை இரண்டு விதமாகவும் அச்செடுத்துக் கட்டுரையாளர்களிடம் காட்டுங்கள் இளவேனில், அவர்களே முடிவு செய்யட்டும்.

பனையோலை:

நான் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் பயன்படுத்துகிறவன். அங்கே எஃப்11 அழுத்தினால் ஸ்டைல் பட்டை வரும். பத்திக்கு, எழுத்துக்கு மட்டுமல்ல, பக்கத்துக்கும் ஸ்டைல் உண்டு. 'முன்னுரைப் பக்கம்' என்று ஒரு பக்க ஸ்டைல் செய்து அதில் ரோமன் எண், 'கட்டுரைப் பக்கம்' என்று இன்னொன்று. முதல் கட்டுரைக்கு முன் பக்க முறிவு போடும்போது எந்தப் பக்க ஸ்டைல், எந்த எண்ணிலிருந்து என்று கேட்கும், சொன்னால் முடிந்தது. வேர்டின் செக்ஷன் முறையைவிட எனக்கு இது தெளிவாகப் படுகிறது. 7.6 பதிப்பிலிருந்து ஸ்பாட்லைட் என்ற வசதியும் வந்திருக்கிறது, எந்தப் பத்தியில் ஸ்டைலுக்கு மேல் கையால் மாற்றியிருக்கிறார்கள் என்று நிறம் போட்டுக் காட்டும். கையால் போட்டதைக் கழற்ற அங்கே கண்ட்ரோல்+எம்.

ஆனால் ஒரே கோப்பை இரண்டு மென்பொருளிலும் மாறி மாறித் திறந்து சேமிக்காதீர்கள். எழுத்தும் ஸ்டைலும் பெரும்பாலும் பத்திரமாக வரும், எண் வரிசைகளும் மிதக்கும் படங்களும் அசையும்.

இளவேனில்:

வேர்டிலேயே முடித்துவிடுகிறேன், குழுவில் மற்றவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். செக்ஷனைப் பற்றி யாராவது விளக்க முடியுமா? முன்னுரைக்கு ரோமன் போட்டால் கட்டுரைக்கும் ரோமன் ஆகிறது.

மெய்ப்புநோக்கி:

முன்னுரையின் கடைசியில் கர்சரை வையுங்கள். லேஅவுட், பிரேக்ஸ், 'செக்ஷன் பிரேக்' என்ற பிரிவில் 'நெக்ஸ்ட் பேஜ்'. ஹெடிங் 1-ல் 'பேஜ் பிரேக் பிஃபோர்' போட்டிருக்கிறீர்கள், அதனால் நடுவில் வெற்றுப் பக்கம் விழுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இப்போது ஆவணம் இரண்டு செக்ஷன். கட்டுரையின் முதல் பக்க ஃபூட்டரில், அதாவது பக்க எண் நிற்கும் அடி ஓரத்தில், இரட்டைச் சொடுக்கு. மேலே 'லிங்க் டு ப்ரீவியஸ்' ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதை அணையுங்கள். உங்கள் ரோமன் எண் கட்டுரைக்குள் வந்ததற்கு இந்த இணைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஹெடருக்கும் ஃபூட்டருக்கும் தனித்தனியாக அணைக்க வேண்டும். பிறகு 'ஃபார்மேட் பேஜ் நம்பர்ஸ்' திறந்து எண் வகையைத் தேர்ந்தெடுத்து, 'ஸ்டார்ட் அட் 1'. முன்னுரைக்குப் போய் அங்கே ரோமன்.

இதில் ஒன்றை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செக்ஷனின் காகித அளவு, மார்ஜின், ஹெடர், ஃபூட்டர் எல்லாம் அதன் முடிவில் இருக்கும் பிரேக் குறிக்குள் இருக்கின்றன. அந்தக் குறியை அழித்தால் முன்னால் இருந்த பகுதி பின்னால் வரும் பகுதியின் அமைப்பை வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒரு படுக்கைவாட்டுப் பக்கம் இருந்து, அதற்கு முன்னால் இருக்கும் பிரேக்கை அழித்துவிட்டால், அதற்கு முந்தைய செக்ஷன் முழுவதும் படுத்துவிடும். பதற வேண்டாம், கண்ட்ரோல்+இசட். ¶ எரிந்துகொண்டே இருக்கட்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், அது இருந்தால் செக்ஷன் பிரேக் இரட்டைக் கோடாகக் கண்ணுக்குத் தெரியும்.

அகலமான அட்டவணைக்காக ஒரு பக்கத்தை மட்டும் படுக்க வைக்க, அந்த அட்டவணையைத் தேர்ந்தெடுத்து பேஜ் செட்டப் பெட்டியில் 'லேண்ட்ஸ்கேப்', கீழே 'அப்ளை டு' என்ற இடத்தில் 'செலக்டட் டெக்ஸ்ட்'. முன்னும் பின்னும் பிரேக்கை வேர்டே போட்டுக்கொள்ளும்.

நீலமை:

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். நான் அடிப்பது எல்லாம் ஒரு பக்க, இரண்டு பக்கக் கடிதங்கள். எனக்கும் இந்த ஸ்டைல் எல்லாம் தேவைதானா?

சுவடி:

கடிதம் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் தேவை. ஒரு கடிதத்தை மட்டும் ஒழுங்காக அமைத்து, சேவ் ஆஸ் போய் 'வேர்ட் டெம்ப்ளேட்' என்று சேமியுங்கள். அந்தக் கோப்பை இரட்டைச் சொடுக்கித் திறக்கும்போதெல்லாம் புதிய கோப்பு கிடைக்கும், மூலம் கெடாது. தேதியையும் கையொப்ப இடத்தையும் வலப்பக்கம் தள்ள ஸ்பேஸ் பாரை அழுத்திக்கொண்டே போகாமல், ரூலரில் ஒரு டேப் நிறுத்தம் வைத்து ஒரே ஒரு டேப் அடியுங்கள். 'திரு.' என்பதும் பெயரும் வரி உடைந்து பிரியாமல் இருக்க நடுவில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஸ்பேஸ். கடிதத்துக்கு இவ்வளவு போதும்.

இளவேனில்:

செக்ஷன் சரியாகிவிட்டது, ரோமன் எண்ணும் சாதாரண எண்ணும் அவரவர் இடத்தில் நிற்கின்றன. ரெஃபரன்ஸஸில் பொருளடக்கத்தையும் தானாக வரவழைத்துவிட்டேன். அதன் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவே இடம் விட்டு அழகுபடுத்தி வைத்தேன். அப்புறம் ஒரு கட்டுரையைச் சேர்த்து அப்டேட் செய்தால் பழையபடி ஆகிவிட்டது.

சுவடி:

'அப்டேட் என்டையர் டேபிள்' கொடுத்தால் பொருளடக்கத்தைப் புதிதாகவே கட்டும், கையால் செய்தது போய்விடும். அதற்கும் 'டிஓசி 1', 'டிஓசி 2' என்று ஸ்டைல்கள் இருக்கின்றன. அழகுபடுத்துவதை அவற்றில் செய்யுங்கள், எத்தனை முறை புதுப்பித்தாலும் நிற்கும். புள்ளிக்கோடும் பக்க எண்ணின் இடமும்கூட அந்த ஸ்டைலின் டேப் அமைப்பில்தான் இருக்கின்றன.

அனுப்புவதற்கு முன் கண்ட்ரோல்+ஏ, எஃப்9. பொருளடக்கம், பட எண்கள், 'பக்கம் இத்தனையில் பார்க்க' என்று குறுக்குக் குறிப்பாகப் போட்டவை எல்லாம் புதுப்பிக்கப்படும். அச்சுக்குப் போவது பிடிஎஃப் என்றால் 'சேவ் ஆஸ்' பெட்டியில் ஆப்ஷன்ஸ் திறந்து 'கிரியேட் புக்மார்க்ஸ் யூசிங் ஹெடிங்ஸ்' டிக் செய்யுங்கள், திரையில் படிக்கிறவர்களுக்குக் கட்டுரைத் தலைப்புகள் பக்கவாட்டில் வரும். கட்டுரையாளர்களுக்கு மெய்ப்புப் பார்க்கவும் அந்தப் பிடிஎஃப்பையே அனுப்புங்கள். வேர்ட் கோப்பு உங்கள் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். திருத்தங்களைப் பக்க எண்ணும் வரியும் சொல்லி எழுதித் தரச் சொன்னால் நீங்களே போட்டுவிடலாம்.